பன்னிரண்டுக்கு ஒப்பமாட்டோம்

அம்பாசமுத்திரம் பக்கம், மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலைக்கு எதிரே, ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஆலை போயிற்று, சம்பளம் போயிற்று, தலைவர்கள் ஆளுக்கொரு கட்சிக்குப் போனார்கள். கொட்டகையும் பதினோரு உறுப்பினர்களும் மட்டும் போகவில்லை. இவர்களைப்போல உறுதியான ஆட்களை நீங்கள் பார்த்திருக்க முடியாது. புத்தி கொஞ்சம் மட்டு, அவ்வளவுதான்.

பேரூராட்சி அறிவித்தது: கொட்டகையில் படிப்பு நடந்தால் இருக்கலாம், சனிக்கிழமை அதிகாரி வரும்போது ஒரு பாடமாவது முடித்துக் காட்டாவிட்டால் இடித்துவிடுவோம்.

செயலாளர் சங்கிலிமுத்து போய் ஜெபசெல்வியை அழைத்துவந்தார். பழைய வீட்டுக் கணினிகளுக்கு உயிர் கொடுப்பதே அவள் வேலை. டிவியில் மாட்டுகிற பழங்காலக் கணினி ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"ரொம்ப வருசத்துக்கு முன்னாடி, வெளிநாட்டுல ஒரு பெரிய கம்ப்யூட்டர் டெலிபோன் கம்பி வழியா ஊர் ஊருக்குப் பாடம் நடத்துச்சு. பிறகு அதை மூடிட்டாங்க. இப்போ ஆர்வமுள்ளவங்க சேர்ந்து திரும்பத் திறந்திருக்காங்க. நான் தமிழ்ல கணக்குப் பாடம் ஒண்ணு எழுதிச் சேர்த்திருக்கேன்."

"மூடினதைத் திறக்க வச்சிட்டாங்களா?" என்றார் பொருளாளர் தவசியாண்டி. "எந்தச் சங்கம்?"

ஜெபசெல்வி கணினியைக் கொட்டகை டிவியில் மாட்டினாள். "சூடாக விடாதீங்க. அவசரப்படாதீங்க, நீங்க பதில் சொல்றவரைக்கும் அது காத்திருக்கும். ஒவ்வொருத்தரா உக்காந்து படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சூடாகக் கூடாதென்று சங்க உறுப்பினர் இருளாயி கணினிக்கு விசிறத் தொடங்கினாள். அவசரப்படக் கூடாதென்று அன்று முழுக்க யாரும் அதைத் தொடவில்லை. ஒவ்வொருவராக உட்காரத்தான் மறுத்துவிட்டார்கள். எதிர்த்தரப்பிடம் தனியாகப் பேசுகிறவன் கருங்காலி. ஆகவே அடுத்த நாள் பதினோரு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

திரையில் கேள்வி வந்தது: ஏழும் ஐந்தும் எத்தனை?

"பன்னிரண்டு" என்றாள் இருளாயி.

"அது எல்லாருக்கும் தெரியும் தாயி" என்றார் சங்கிலிமுத்து. "எடுத்த எடுப்பிலேயே பன்னிரண்டுன்னு சொன்னா நம்மளை எவன் மதிப்பான்? போனஸ் எட்டு சதவீதம் வேணும்னா என்ன கேட்டோம்?"

"இருபது அண்ணாச்சி."

"அதான். முப்பதுன்னு போடு."

போட்டார்கள். 'தவறு. மீண்டும் முயல்க' என்றது திரை.

"பாத்தியளா, முடியாதுன்னு சொல்லலை" என்றார் தவசியாண்டி. "திரும்ப வாங்கன்னுதான் சொல்லுதான்."

இருபத்தைந்துக்கு இறங்கினார்கள். பொதுக்குழு கூடி இருபதுக்கு இறங்கினார்கள். மறுநாள் கண்டனத் தீர்மானத்தோடு பதினேழு. ஒவ்வொரு தடவையும் அதே 'மீண்டும் முயல்க'.

"நாமதான் இறங்குதோம்" என்று பொருமினாள் இருளாயி. "அவன் இன்னும் ஒரு நம்பர்கூடச் சொல்லலையே?"

"கைதேர்ந்த முதலாளிவே அவன்" என்றார் தவசியாண்டி மரியாதையோடு.

சனிக்கிழமை அதிகாரி வந்தார், பின்னாலேயே புல்டோசரும் வந்தது. சங்கம் அப்போது பதின்மூன்றில் நின்றுகொண்டிருந்தது. ஓடிவந்த ஜெபசெல்வி, "பன்னிரண்டுன்னு போடுங்க ஐயா, கொட்டகை தப்பிச்சுக்கும்" என்று கெஞ்சினாள்.

"ஆமாய்யா, பன்னிரண்டுதானே?" என்றார் அதிகாரி.

"அதிகாரி யார் பக்கம் பேசுதாருன்னு பாத்துக்கிடுங்க" என்றார் தவசியாண்டி.

புல்டோசர் உறுமியது. தகரம் அதிர்ந்தது. சங்கிலிமுத்துவின் கண்ணில் நீர் முட்டியது. முப்பது வருடம் கூட்டம் போட்ட இடம். யாரையும் கேட்காமல் ஒன்றை அழுத்தினார், இரண்டை அழுத்தினார்.

'சரி. பாடம் முடிந்தது. பாராட்டுகள்' என்றது திரை.

"கொட்டகை உங்களுக்குத்தான்" என்றார் அதிகாரி. புல்டோசர் திரும்பிப் போயிற்று.

யாரும் கைதட்டவில்லை.

"ஒரு வார்த்தை மறுத்துப் பேசாம ஒத்துக்கிட்டானே" என்றாள் இருளாயி மெதுவாக.

"உடனே ஒத்துக்கிட்டான்னா, அவன்கிட்ட இன்னும் இருந்திருக்கு" என்றார் தவசியாண்டி. "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தா பதின்மூணே குடுத்திருப்பான். ஏழும் அஞ்சும் பதின்மூணு. நம்ம பிள்ளைகளுக்கும் சேத்துக் கிடைச்சிருக்கும். வித்துட்டீரே வே."

"கொட்டகையைக் காப்பாத்தினேனே" என்றார் சங்கிலிமுத்து. பிறகு கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனிதர். "தப்புத்தான்" என்றார்.

ஒப்பந்தத்தை நிராகரிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. பதினோரு பேரும் கோஷமிட்டபடி வெளிநடப்புச் செய்தார்கள். சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பதின்மூன்று கிடைக்கும்வரை கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை.

இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். கொட்டகை திறந்தே கிடக்கிறது; மழை வந்தால் ஒழுகும் பந்தலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே நனைகிறார்கள். உள்ளே திரையில், 'அடுத்த பாடத்துக்குத் தயாரா?' என்று எழுத்து மினுக்கிக்கொண்டிருக்கிறது.

"கெஞ்சுதான் பாருங்க" என்கிறார் தவசியாண்டி, தலையைத் துவட்டியபடி. "ஒருத்தரும் போயிராதீங்க. இன்னும் ரெண்டு நாள்ல படிஞ்சிருவான்."