புளித்துக் கொதிக்கும் ஊற்று

செல்லக்கனி தன் கணவர் மிக்கேலை உயிரோடு கடைசியாகப் பார்த்தது மீன் மார்க்கெட்டில். அப்போது அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஐஸ் வாங்கப் போனவர் வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

இனி யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை என்று மீன் கடையை மகளிடம் விட்டுவிட்டு மலைக்கு வந்தாள். அங்கே கந்தக ஊற்றின் அருகே பூரணி டீச்சர் ஒரு நுண்ணோக்கியோடு வாழ்ந்தார். செல்லக்கனியைவிட வயதில் சிறியவர். அமைதி தேடி அவருக்குச் சிஷ்யையானாள்.

மாதம் ஒன்று போயிற்று.

“அமைதி கிடைத்ததா, அக்கா?”

“கிடைச்சிட்டு டீச்சர். சோறுதான் இறங்க மாட்டேங்கு. என் வாய்தான் அவரைக் கொன்னுது. இப்படியே பேசாம இருந்து செத்துப்போறேன்.”

டீச்சர் ஊற்று நீரை இரண்டு குப்பிகளில் பிடித்தார். ஆவி பறந்தது.

“இதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன.”

“இந்தக் கொதியிலயா? எலுமிச்சம்பழமே தோத்துரும், அம்புட்டுப் புளிப்பாச்சே!”

“ஒரு குப்பி ஊற்றிலேயே கிடக்கட்டும். இன்னொன்றை நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

செல்லக்கனிக்கு அந்த உயிர்கள்மேல் இரக்கம் வந்தது. குப்பியைப் பானைத் தண்ணீரில் வைத்து ஆற்றினாள். புளிப்பு போக ஆப்ப சோடா போட்டாள். நிழலில் வைத்து, “இனியாவது நிம்மதியா இருங்க, மக்கா” என்றாள்.

மறுநாள் டீச்சர் நுண்ணோக்கியில் ஊற்றுக் குப்பியின் துளியைக் காட்டினார். உருண்டை உருண்டையாக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருந்தன.

“மார்க்கெட் மாதிரில்லா இருக்கு!”

பிறகு அவளுடைய குப்பியின் துளி. அதில் முழுசாக எதுவுமில்லை.

“எங்க போச்சு எல்லாம்?”

“வெடித்துவிட்டன.”

“நான் நல்லதுதானே டீச்சர் செஞ்சேன்?”

“ஆமாம் அக்கா. சூட்டையும் புளிப்பையும் எடுத்துவிட்டீர்கள்.”

செல்லக்கனி ஊற்றுக் குப்பியின் துளியை மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

“அன்றைக்கு நீங்கள் திட்டியதற்கு உங்கள் கணவர் என்ன சொன்னார்?” என்று டீச்சர் கேட்டார்.

“அவரா சும்மா இருப்பாரு? ‘உன் வாயில மீனைப் போட்டா உப்பில்லாமலே கருவாடு ஆயிரும்’னாரு. மீதிச் சண்டையை ஐஸோட கொண்டாறேன்னு சிரிச்சிக்கிட்டே போனாரு.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை” என்றார் டீச்சர். “மார்க்கெட்டில் கூட்டம் இருக்கும், அக்கா.”

அந்தக் கடையில் இப்போது தாயும் மகளும் நிற்கிறார்கள். பேரம் பேசப் பயந்தவர்கள் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.