கோட்டில் வராத புள்ளி

"டீச்சர், கோடு பாதிக் கடல்ல நின்னுபோச்சு," என்றாள் ஜெனோவா.

மிஸ்ரியா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஜெனோவாவைவிட வயதில் இளையவர். படகுகளில் உள்ள கருவிகள் அனுப்பும் தகவலைக் கணினியில் வரைபடமாக்கத் துறைமுகத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம்.

"யார் படகு?"

"என் தம்பி சூசையோடது."

புயலுக்கு முந்தின நாள் தனியாகக் கடலுக்குப் போனவன். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஜெனோவாவுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே உயிர். கோடு நின்ற இடத்தில் தேடினார்கள். வெறும் தண்ணீர்தான் இருந்தது. பொழுது சாய்ந்தால் தேடுகிற படகும் திரும்பிவிடும்.

"கோட்டைத் தடிமனாக்கினேன். நிறத்தை மாத்தினேன். படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். கணினியில படம் வரையற லைப்ரரியவே அழிச்சிட்டு மறுபடியும் போட்டேன். தலைகீழா நின்னு பார்த்துட்டேன் டீச்சர். லைப்ரரிதான் சரியில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டீச்சர் அதைச் சொல்லவில்லை. மடிக்கணினியை மூடினார்.

"படத்த விடுங்க. கருவி என்ன அனுப்பிச்சு?"

"நிமிஷத்துக்கு ஒரு வரி. இடம் தெரிஞ்சா எண்ணு இருக்கும். தெரியலன்னா வெத்து வரி. புயலுக்கு அப்புறம் வெத்து வரியாத்தான் வருது."

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"ஆயிரக்கணக்குல கிடக்கே டீச்சர். படம் போட்டா தெரிஞ்சிரும்னுதான..."

"வெத்து வரிய என்ன செஞ்சீங்க?"

"அப்படியே விட்டுட்டேன். தெரியாத இடத்துல கோடு இழுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். ஜெனோவா சொல் தட்டாத சிஷ்யை.

டீச்சர் எழுந்தார். ஜன்னலோரம் கிடந்த சிப்பி ஒன்றை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"இதுலேருந்து ஒரு கோடு போடுங்க அக்கா."

ஜெனோவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி உயிர் ஊசலாடுகிறது, இவருக்கு விளையாட்டு.

"எது வரைக்கும்? அந்தப் பக்கம் இன்னொன்னு வேணும்ல?"

"அந்தப் பக்கம் யாருமில்ல."

"அப்ப இந்தப் பக்கம்?"

"இங்கயும் யாருமில்ல."

"அப்புறம் எப்படி டீச்சர் கோடு வரும்?"

"வராது. சிப்பி இருக்கா, இல்லையா?"

ஜெனோவா சிப்பியைப் பார்த்தாள். கோடு இல்லை; சிப்பி இருந்தது.

புயல் அடித்ததிலிருந்து வீட்டில் அவளும் அப்படித்தான் கிடந்தாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அழக்கூடத் துணையில்லை.

மடிக்கணினியை வெடுக்கென்று திறந்தாள். கோட்டை எடுத்துவிட்டு, எண் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு புள்ளி வைக்கக் கணினிக்குச் சொன்னாள்.

பழைய பாதை நெடுக எறும்புச் சாரையாகப் புள்ளிகள் வந்தன. சாரை முடிந்தது. அதற்கப்பால் வெள்ளையாகக் கிடந்தது கடல்.

தெற்கே வெகு தூரத்தில், படத்தின் விளிம்பை ஒட்டி, ஒரே ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியின் நேரத்தைப் பார்த்தாள். இன்று காலை. அதற்கு முன்னும் பின்னும் வெற்று வரிகள்.

"இங்கயாடா இருந்த," என்றாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. விம்மி அழுதாள்.

டீச்சர் தொலைபேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

தேடுகிற படகிலிருந்த அதிகாரி எண்களைக் குறித்துக்கொண்டார்.

"ரொம்பத் தூரம்மா. முன்னாலயும் ஒண்ணுமில்ல, பின்னாலயும் ஒண்ணுமில்லங்கிறீங்க. ஒத்தப் புள்ளிய நம்பியா போகச் சொல்றீங்க?"

"எனக்கும் ஒத்தத் தம்பிதான் சார்," என்றாள் ஜெனோவா. "போங்க."