பிச்சாண்டி சொன்ன பதில்

ஆவுடையப்ப வைத்தியருக்குத் தன் குருவைவிடப் பன்னிரண்டு வயது கூடுதல். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. மூலிகை அவருக்குத் தெரியும். மருந்தைச் சோதித்துப் பார்க்கும் வித்தை டாக்டர் மெய்யம்மைக்குத் தெரியும். அதைக் கற்கத்தான் தென்காசியில் அவருடைய மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரப் பாதையை நெரிக்கும். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போவார்கள். போனாலும் முழுசாகப் போகாது. அதற்காக வைத்தியர் பூசணி விதையும் நெருஞ்சிலும் சேர்த்து ஒரு கேப்சூல் செய்திருந்தார். சோதனையில் பாதிப் பேருக்கு அந்தக் கேப்சூல், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் அரிசிமாவு. யாருக்கு எது என்ற விவரம் வெளியூரில் ஒருவரிடம் இருந்தது. குருவுக்கும் தெரியாது, சீடருக்கும் தெரியாது.

வாராவாரம் வந்தவர்களை விசாரிப்பது வைத்தியரின் வேலை. "கொறஞ்சிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்கும்போதே நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். பெற்ற பிள்ளையின் பரீட்சை முடிவைக் கேட்பதுபோல இருக்கும்.

அன்று காலை அவர் பொறுமையிழந்து வந்தார்.

"அத்தன பேரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாங்க. சோதனைய நிறுத்திருவோம். நாளையிலருந்து ஊருக்கே கொடுக்கப் போறேன்."

"மாவு சாப்பிட்டவங்களும் நல்லா இருக்காங்களா?" என்றார் மெய்யம்மை.

வைத்தியருக்குச் சுருக்கென்றது.

"இன்னும் எத்தன பேரு சொன்னா நம்புவீங்க? இன்னைக்குப் பதில் சொல்லுங்க. இல்லைன்னா நான் கிளம்புதேன்."

மெய்யம்மை வராந்தாவைப் பார்த்தார். அங்கே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் பிச்சாண்டி, அடிவயிற்றைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் வைத்தியரிடம் "ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

"திரைக்குப் பின்னால உக்காருங்க வைத்தியரே. என்ன காதுல விழுந்தாலும் பேசக் கூடாது."

பிச்சாண்டி உள்ளே வந்தார். மெய்யம்மை அவரைப் பக்கத்துக் கழிப்பறைக்கு அனுப்பினார். கதவு ஒருக்களித்திருந்தது. திரைக்குப் பின்னால் வைத்தியர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனகல் கேட்டது. வெகுநேரம் கழித்துச் சொட்டு, இன்னொரு சொட்டு. அப்புறம் அதுவும் இல்லை.

திரும்பி வந்தவரைப் படுக்க வைத்து, மெய்யம்மை ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். மூத்திரப் பை தேங்காய் அளவுக்கு உப்பி நின்றது.

"எத்தன நாளா இப்படி?"

"ரொம்ப நாளா இருக்கு தாயி. நேத்து ராத்திரியிலருந்து சுத்தமா அடச்சிட்டு."

"இப்படியே விட்டா கிட்னி போயிருமே. வைத்தியர்ட்ட ஏன் சொல்லல?"

பிச்சாண்டி வலியோடு சிரிக்கப் பார்த்தார்.

"அந்த மனுசன் ஆசையா கேக்காரு தாயி. ஒரு நாளு இல்லன்னு தலைய ஆட்டினேன். மொகம் செத்துப்போச்சு. நமக்காக இம்புட்டுப் பாடுபடுத மனுசன ஏன் நோவடிக்கணும்? நீங்களும் சொல்லிராதீங்க."

மெய்யம்மை மூத்திரம் வெளியேறக் குழாய் போட்டார். கட்டில் பக்கம் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பை நிறைய வடிந்தது. பிச்சாண்டி கண்ணை மூடி, "அப்பாடா" என்றார். கொஞ்ச நேரத்தில் அவரை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வைத்தியர் திரையை விலக்கி வெளியே வந்தார். அழுதிருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அவருக்குப் போனது மருந்தா, மாவா?"

"எனக்குத் தெரியாது."

"நாளைக்கு அவர்ட்ட என்னன்னு கேப்பேன்?"

மெய்யம்மை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"காலையில ஒண்ணு கேட்டீங்களே, எத்தன பேர் சொன்னா நம்புவேன்னு. யாராவது ஒருத்தர் உங்க முகத்தப் பாத்து, 'எனக்குக் கொணமாகல வைத்தியரே'ன்னு பயமில்லாம சொல்லட்டும். அதுக்கப்புறம் மத்தவங்க சொன்னதையும் நம்புறேன்."