துடைக்காத முத்தம்

நெல்லைச் சீமையில் சவேரியார்குளம் என்னும் ஊரில், வியாகுல மாதா கோயிலைப் பெருக்கி, மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி வாழ்ந்தவர் எஸ்தாக்கியார். கோயிலின் பின்கட்டில் ஓர் அறை தந்திருந்தார்கள். மனைவி அங்கேயே காலமானார். எஸ்தாக்கியாருடைய பெருந்தொண்டு வருடத்தில் ஒரு நாள்தான். பெரிய வெள்ளியன்று, சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்திய ஆண்டவரின் மரச் சுரூபத்தின் பாதத்தை ஊரே வரிசையில் வந்து முத்தமிட்டு முத்தி செய்யும். ஒருவர் நிமிர்ந்ததும், அடுத்தவர் குனிவதற்குள், பாதத்தைத் துண்டால் துடைக்க வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் அவர் துடைத்தார்.

யாருடைய முத்தத்தையும் அவர் தரம் பிரித்ததில்லை. வெற்றிலைச் சாறு, உதட்டுச் சாயம், குழந்தைகளின் மூக்குச்சளி எல்லாம் ஒரே பக்தியோடு துடைக்கப்பட்டன. அண்ணன் நிலத்தைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டவரும் முத்தினார், மாமியாரைப் பட்டினி போட்டவரும் முத்தினார். ஆண்டவரே காலை இழுத்துக்கொள்ளாதபோது, துண்டு பிடித்தவருக்கு என்ன வந்தது?

இளவட்டங்கள் அவரைத் 'துண்டு மாமா' என்றார்கள். "துண்டு மாமா, நீரு தொடச்சித் தொடச்சி ஆண்டவருக்குப் பெருவிரலே தேஞ்சு போச்சு. அடுத்த வருசம் முழங்காலத்தான் முத்தணும்போல."

"அடுத்த வருசமாவது குளிச்சிட்டு வாடே" என்பார் அவர்.

அவருக்கு ஒரே மகள், பிலோமி. லாரி மெக்கானிக் சுடலைமணியைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள். அவள் கோயில் சடங்கு எதிலும் சேரக்கூடாது என்று கோயில் நிர்வாகமான பங்குப் பேரவை அன்றே தீர்மானம் போட்டது. பேரவைத் தலைவர் தனிஸ்லாஸின் மூத்த மகன் வெளிநாட்டில் எந்தக் கோயிலிலும் கட்டாமலே ஒருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். வெளிநாடு பங்கின் எல்லைக்குள் வராததால் அது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறன்று பிலோமியின் போன் வந்தது.

"எப்பா, வயித்துல கட்டி. அடுத்த திங்கக்கெழம ஆப்ரேசன். பயமா இருக்குப்பா. வெள்ளிக்கெழம வந்து ஒரே ஒருக்க பாதத்த முத்திட்டுப் போயிரட்டுமா?"

"வா மக்கா" என்றார் எஸ்தாக்கியார்.

டவுனில் பேசியது ஊருக்கு எப்படிக் கேட்டதோ, வியாழக்கிழமையே தலைவர் வந்துவிட்டார். "ஓம்ம மக வருதாளாமே. வந்தா, பாதத்த துண்டால மூடிரும். மூட முடியலன்னா கோயில் சாவிய மேசையில வச்சிட்டு அறையக் காலி பண்ணும்."

எஸ்தாக்கியார் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். சாமியார் இரக்கமுள்ளவர். "ஈஸ்டர் முடியட்டும், பேசுவோம்" என்றார். பெரிய வெள்ளி ஈஸ்டருக்கு முன்னாலேயே வந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளியன்று பெண்கள் வரிசையில் பிலோமி முக்காடிட்டு வந்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார். எஸ்தாக்கியார் பாதத்தை மூடவில்லை. அவள் குனிந்தாள். எல்லோரும் ஒரு நொடி முத்துவார்கள். அவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது பாதம் நனைந்திருந்தது. தகப்பன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அடுத்து நின்ற அம்மாள் குனியாமல் துண்டையே பார்த்தார்.

"மூடத்தான் இல்ல, தொடச்சாவது தொலையும்வே!" என்றார் தலைவர்.

எஸ்தாக்கியார் துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டார். "இது அழுக்கு இல்ல அண்ணாச்சி. இத மட்டும் நான் தொடைக்க மாட்டேன்."

சாவியை வைத்துவிட்டுப் படியிறங்கினார். வரிசை நின்றது. வேறு வழியின்றித் தலைவரே தம் கைக்குட்டையால் பாதத்தைத் துடைத்தார். அவர் இன்னொருவர் காலடியில் குனிந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. அந்த நாளின் முதல் அற்புதம் அது.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. செவ்வாய்க்கிழமை பிலோமி இறந்தாள். பங்குக் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி கேட்டதற்கு, பேரவை கூடாமல் முடிவெடுக்க முடியாது என்றார்கள். பேரவை அடுத்த மாதம் கூடுவதாக இருந்தது. இறந்தவரால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. டவுன் மயானத்தில் தகப்பனும் மருமகனும் அடக்கம் செய்தார்கள்.

இதற்கிடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்ப வைத்த சுரூபத்தின் பாதத்தில், பெருவிரலுக்கு மேலே, உதட்டளவு ஈரம் இருந்தது. துடைத்தார்கள், மறுபடி வந்தது. கூரை ஒழுகுகிறது என்றார்கள். மழை பெய்து மூன்று மாதம். வார்னிஷ் வேர்க்கிறது என்றார் பெயிண்டர். வார்னிஷ் அடித்து முப்பது வருடம். பிறகு 'அற்புதப் பாதம்' என்று பேனர் வந்தது. அதில் ஆண்டவர் பாதம் சிறிதாகவும் தலைவர் முகம் பெரிதாகவும் இருந்தன.

மரம் உளுத்துவிடுமோ என்று சாமியாருக்குக் கவலை. மருமகன் பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்த எஸ்தாக்கியாருக்கு ஆள் அனுப்பினார். "இத்தன வருசமா தொட்டவரு நீங்கதான். ஒரு தடவ வந்து தொடச்சுப் பாருங்க."

அவர் வந்தார். பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அவர் கையில் துண்டு இல்லை. ஈரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு முழந்தாளிட்டு, அந்த இடத்தில் தம் உதட்டை வைத்தார்.

"மக்கா" என்றார்.

அவர் எழுந்தபோது பாதம் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அது ஈரமாகவே இல்லை. நல்லா வந்த அற்புதத்தைக் கெடுத்துவிட்டான் பாவி என்று தலைவர் இன்றும் சொல்லி வருகிறார்.

யார் வந்து துடைத்தும் போகாமல் ஆண்டவர் தம் காலிலேயே வைத்திருந்து உரியவரிடம் ஒப்படைத்த முத்தம் அது. அதைப் பெற்றுக்கொண்ட எஸ்தாக்கியாரின் பொறுமை வாழ்க.