நாலாவது பங்குத் தண்ணீர்

"இருமை என்றால் என்ன, டீச்சர்?"

செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார் வைத்தியலிங்கம். வயது ஐம்பத்தெட்டு. வாய்க்கால் பாசன சங்கத்தின் தலைவர்.

டீச்சர் கதீஜாவுக்கு முப்பத்தாறு. பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்துபவர். மாணவருக்கு முழுக்க நரைத்து, ஆசிரியைக்கு ஒரு முடிகூட நரைக்காத விசித்திரமான குருகுலம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும்.

"நீங்கதான் சொன்னீங்க. இருமை புரியாம என் தண்ணிப் பிரச்சினை தீராதுன்னு. ஒரு மாசமா தேடறேன்."

"என்ன கிடைச்சுது?"

"ஆளுக்கொண்ணு சொல்றாங்க. இயற்பியல் புத்தகத்துல, வெளிச்சம் அலையாவும் நடந்துக்கும், துகளாவும் நடந்துக்கும், அதான் இருமைன்னு போட்டிருக்கு. வடிவியல் புத்தகத்துல, புள்ளிங்கிற இடத்துல கோடுன்னும், கோடுங்கிற இடத்துல புள்ளின்னும் மாத்திப் போட்டாலும் உண்மை உண்மையாவே நிக்கும், அதான் இருமைன்னு இருக்கு. கோயில் பிரசங்கத்துல, இன்பமும் துன்பமும்தான் இருமைன்னாரு."

"பிரசங்கத்தை இன்னைக்கு விட்டுடுங்க."

"மத்த ரெண்டுமாச்சும் ஒத்துப்போக வேணாமா?"

கதீஜா மேஜை மேலிருந்த புத்தகங்களை ஒதுக்கி வைத்தார்.

"வரைபடம் கொண்டுவந்தீங்களா?"

கொண்டுவராமல் இருப்பாரா. பெண்டாட்டியை மறந்துவிட்டுக்கூட பஸ் ஏறியிருக்கிறார், வரைபடத்தை மறந்ததில்லை. மேஜை கொள்ளாத தாள் அது. ஆற்றிலிருந்து ஒன்பது வாய்க்கால் பிரிந்து, நடுவில் முப்பத்தொன்றாகச் சேர்ந்தும் பிரிந்தும் சுற்றி, ஐந்தாகக் கடைமடைக்குள் நுழைந்தன. ஒரு வாய்க்கால் ஒரு பங்கு தண்ணீர்தான் தாங்கும்.

ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனாலும் கடைமடைக்கு மூன்று பங்குதான் போய்ச் சேர்ந்தது. நாலாவது பங்கு இல்லாமல் கடைசி நாற்பது ஏக்கர் இரண்டு வருஷமாகக் கருகியது.

அதில் நாலு ஏக்கர் அவருடைய தங்கை செண்பகவல்லியுடையது. "அண்ணன் தலைவரா இருந்து என்னத்தைக் கிழிச்சாரு?" என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் எதுவும் கேட்பதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"எத்தனை விதமா திருப்பிப் பாத்தீங்க?"

"பதினோரு நோட்டு முடிஞ்சுபோச்சு, டீச்சர். இதைத் திறந்து, அதைத் திருப்பி, எப்படி விட்டாலும் மூணு. இன்னும் ஒரு வழி எங்கேயோ இருக்கு. என் கண்ணுக்குத்தான் படலை."

கதீஜா ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து அவர் முன் வைத்தார்.

"தண்ணி கொண்டுபோறதை விட்டுடுங்க. ஒரு சொட்டுகூட கடைமடைக்குப் போகக் கூடாது. அதுக்கு எந்தெந்த வாய்க்காலை அடைக்கணும்? குறிங்க."

வைத்தியலிங்கத்தின் முகம் மாறியது.

அவர்கள் பக்கத்தில் குழந்தைகள்கூட விளையாட்டுக்கு வாய்க்காலில் மண் வைக்க மாட்டார்கள். வைத்தால் முதுகில் விழும். கடைமடைத் தண்ணீரை மறிப்பதைப் பற்றி வாயால் பேசுவதே அங்கே அபசகுனம். சங்கம் தொடங்கிய நாள் முதல் எத்தனையோ விவாதம் நடந்திருக்கிறது. இந்தக் கேள்வி ஒரு தடவைகூட வந்ததில்லை.

"அது பாவம், டீச்சர்."

"காகிதத்துலதானே."

"காகிதமா இருந்தாலும். என் தங்கச்சி வயலு."

"அப்போ டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க."

டீ குடித்தார். கிளம்பவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, வேண்டாத சொந்தக்காரருக்குப் பத்திரிகை வைப்பவர் மாதிரி பென்சிலை எடுத்தார்.

ஆற்றின் வாயிலேயே ஒன்பதையும் அடித்தார்.

"ஒன்பது."

"இன்னும் குறைவா முடியாதா?"

கடைமடை ஓரத்துக்கு வந்தார். "அஞ்சு."

"இன்னும்?"

வேண்டாவெறுப்பாகத் தொடங்கியவருக்கு இப்போது விரல் துறுதுறுத்தது. நடுவில் தேடினார். அழித்தார். ஏழு வந்தது, நாலு வந்தது. நாற்பது நிமிஷம் அந்த மனிதர் நிமிரவேயில்லை.

ரயில் பாதைக்கு அடியில் ஒன்று. அங்கிருந்து மூன்று மைல் தள்ளி, தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒன்று. குளத்தங்கரையில் ஒன்று. வேறு வேறு கிராமத்து வாய்க்கால்கள். அவற்றை ஒன்றாக வைத்து யாரும் பேசியதே கிடையாது.

மூன்றையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே ஆறு. கீழே கடைமடை. நடுவில் வேறு வாசல் இல்லை.

"மூணு" என்றார் மெதுவாக.

"ரெண்டால முடியுமா?"

"எப்படி முடியும்? மூணு பங்கு வந்துட்டிருக்கே. ஒண்ணு தப்பிச்சு வந்துடும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"அப்போ நாலு பங்கும் வர முடியாது. எப்படிச் சுத்தி வந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்டித்தானே ஆகணும்."

"ம்."

"எவ்வளவு கொண்டுபோகலாம்னு கேட்டாலும் மூணு. எத்தனையை அடைச்சாப் போதும்னு கேட்டாலும் மூணு."

"ம்."

"எங்க ஊர்ல மட்டுமா?"

"எந்த ஊர்லயும். முப்பத்தொண்ணு இருந்தாலும் சரி, மூவாயிரம் இருந்தாலும் சரி. ரெண்டு விடையும் ஒண்ணாத்தான் வந்து நிக்கும்."

வைத்தியலிங்கம் பென்சிலைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நான் ஒழுங்காத் தேடலைன்னு நெனச்சிட்டு இருந்தேன், டீச்சர். ராத்தூக்கம் போச்சு."

"ஒழுங்காத்தான் தேடியிருக்கீங்க. பதினோரு நோட்டும் சரி."

"நோட்டு சரியா இருந்து என்ன பண்றது? நாற்பது ஏக்கரும் காயுதே."

கதீஜா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவினார். திரும்பி வரும்வரை அவர் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நோட்டிலும் கோட்டுக்கு மேலேயும் கீழேயும்தான் வெட்டியிருந்தார், தூர் வாரியிருந்தார், திருப்பியிருந்தார். கோட்டின் குறுக்கே ஒரு தடவைகூடக் கை வைத்ததில்லை. கோடு என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

"டீச்சர், வெளிச்சத்துலயும் இதே சங்கதிதானா?"

"அது வேற இருமை. ஆனா அங்கேயும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்தவங்க ரொம்ப நாள் தவிச்சாங்க."

அவர் தாளை மடிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடி விரித்தார்.

"அப்போ நாலாவது பங்குக்குப் புதுசா எங்கே வெட்டணும்?"

"என்னைக் கேட்டா? சிவப்புப் பென்சிலால அடைச்சவரைக் கேளுங்க."