முன்னால் போன சைக்கிள்

"ஞாயித்துக்கெழம ஓட்டத்துக்கு நான் வரல டீச்சர்," என்றார் சவரிமுத்து.

ஜெரினா டீச்சர் கையிலிருந்த ஸ்டாப்வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மைதானத்தில் இன்னும் நான்கு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்ணே, கால் வலியா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. சைக்கிளை எங்க விடுறது?"

டீச்சருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

சவரிமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. திண்டுக்கல்லில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, நான்கு கேன்களைத் தொங்கவிட்டு மிதிப்பார். அந்தக் கால்கள் நன்றாக ஓடியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஜெரினா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. காலை நேரத்தில் நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு மைதானத்தில் ஓட்டம் சொல்லிக்கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். பேச்சைக் கேட்டு யாருக்கும் கால் வேகமானதில்லை என்பது அவர் கட்சி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஓட்டப்பந்தயத்தன்று சவரிமுத்துவின் சைக்கிள் திருட்டுப் போனது. பூட்டுக்குப் பேர்போன ஊரில், பூட்டிய சைக்கிள்தான் போனது. தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்த மனிதர் இலவச மோர் வாங்க வரிசையில் நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் சவரிமுத்து கேன்களைத் தோளில் வைத்துச் சுமந்தார். பாதி வீடுகள் வேறு ஆளுக்கு மாறிவிட்டன. மனைவி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

புதிய சைக்கிள் வந்ததும் இரண்டு சங்கிலி வாங்கினார். கை நிறைகிற பித்தளைப் பூட்டு ஒன்றும் வாங்கினார். அதுவும் போதாமல், பந்தய நாளில் சீட்டைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொண்டார். ஒரு முறை முன்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோய், பைகள் வைக்கும் இடத்தில் டோக்கன் கேட்டார். மிச்ச சைக்கிள் எங்கே என்று அங்கிருந்த பெண் கேட்டிருக்கிறாள். அதை மட்டும் கேட்காதே என்று சொல்லிவிட்டார்.

சிரிக்கலாம். ஆனால் நான்கு கேன் தொங்குகிற சைக்கிளை ஒரே ஒரு மேட்டில் மிதித்துப் பார்த்துவிட்டு வந்து சிரிக்க வேண்டும்.

இந்த ஞாயிறு நடக்கப்போவது மலை ஓட்டம். இதுவரை அவர் ஓடியதெல்லாம் போய்த் திரும்பும் ஓட்டங்கள். தொடங்கிய இடத்திலேயே முடியும். இது ஊருக்குள் தொடங்கி, பத்து கிலோமீட்டர் தள்ளி, சிறுமலைப் பாதையின் ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் முடிகிறது. முதலில் வருகிற ஒருவருக்கு மட்டும் மாநிலப் போட்டியில் இடம். மேலே போனவர்களைக் கீழே கொண்டுவர வேன் வருவதோ பத்து மணிக்கு.

ஒன்பது மணிக்குள் பதினெட்டு வீட்டுக்குக் கேன் போக வேண்டும் என்றார் சவரிமுத்து. சைக்கிளை வீட்டில் விட்டுவந்தால், ஓட்டம் தொடங்குகிற விடியற்காலைக்குப் பஸ் கிடையாது. கொண்டுவந்தால் சைக்கிள் கீழே, ஆள் மலையில்.

"மாநிலமெல்லாம் வேண்டாம் டீச்சர். இன்னொரு சைக்கிள் வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் கண் கலங்கியதை டீச்சர் பார்த்தார். பார்க்காததுபோல் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

அதில் சவரிமுத்து ஓடிய ஒன்பது பந்தயங்களின் நேரமும் இருந்தது.

"இத வாசிங்கண்ணே."

அவர் வாசித்தார். போகும்போது ஐந்து கிலோமீட்டர், இருபத்தேழு நிமிடம். திரும்பும்போது அதே ஐந்து, இருபத்திரண்டு. அடுத்த பந்தயமும் அப்படித்தான். ஒன்பதும் அப்படித்தான்.

சவரிமுத்துவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. முதல் பாதியில் பதுங்கி, கடைசியில் பாய்கிறார் மனுஷன் என்று மைதானத்தில் எல்லோரும் அவரைப் புகழ்வது வழக்கம். அவரும் மறுத்ததில்லை.

"போறப்ப ஏன் அஞ்சு நிமிஷம் கூட?" என்று டீச்சர் கேட்டார்.

"மூச்சை மிச்சம் பிடிக்கிறேன்."

"இல்லண்ணே. போறப்ப சைக்கிளை விட்டுட்டுப் போறீங்க. வர்றப்ப சைக்கிள்கிட்ட வர்றீங்க."

சவரிமுத்து நோட்டை மூடினார்.

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"ஞாயித்துக்கெழம சைக்கிளோட வாங்க. சீட்டும் ரெண்டு சக்கரமும் சைக்கிள்லயே இருக்கட்டும். பூட்டு வேண்டாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். ஜெரினா டீச்சர் சொன்னதால் வந்தார். பூட்டு இல்லாமல் வந்த அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு நான் ஒரு மாலை போடுவேன்.

தொடக்கக் கோட்டருகே நாற்பது பேர் நின்றார்கள். போன வருடம் முதலில் வந்த நத்தம் போலீஸ்காரர் முன்வரிசையில் கால்களை உதறிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வந்து சைக்கிளை வாங்கினார். கேரியரில் ஒரு சிவப்புக் கொடியைக் கட்டினார். பிறகு நேராக உருட்டிக்கொண்டுபோய், எல்லாருக்கும் முன்னால் நடுரோட்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்தார்.

ஓட்டத்துக்கு முன்னால் வழிவிலக்கிப் போக ஒரு வண்டி வேண்டும். போன வருடம் மோட்டார் சைக்கிள் போய், முன்னால் ஓடியவர்கள் எல்லாம் புகையில் இருமினார்கள். இந்த வருடம் நான் சைக்கிளில் போகிறேன் என்று டீச்சர் சொல்ல, நடத்துகிறவர்கள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சைக்கிள் என்று அவர்களும் கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை.

சவரிமுத்துவுக்கு விஷயம் புரிந்தபோது ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற கொடி அசைந்துவிட்டது. டீச்சர் மிதித்தார். சைக்கிள் போனது.

அந்தச் சைக்கிளில் அவரைத் தவிர யாரும் ஏறியதில்லை. மகளைக்கூடக் கேரியரில்தான் உட்கார விட்டிருக்கிறார். அவர் ஓடினார்.

முதல் கிலோமீட்டரிலேயே போலீஸ்காரரைத் தொட்டுவிட்டார். முன்பிரேக் சரியாகப் பிடிக்காது என்று டீச்சருக்குக் கத்திச் சொன்னார். கொக்கி காலில் பட்டுவிடும் என்றார். பள்ளம் வருகிறது, ஓரமாகப் போங்கள் என்றார். டீச்சர் திரும்பவில்லை. ரொம்ப முன்னால் போகவும் இல்லை, அருகில் விடவும் இல்லை. ஒரு லாரி நீளம் தள்ளியே போய்க்கொண்டிருந்தார். அந்த அளவை இவ்வளவு சரியாக வைத்திருக்க எத்தனை நாள் யோசித்தாரோ தெரியாது.

ஐந்தாவது கிலோமீட்டர் பலகையை இருபத்திரண்டு நிமிடத்தில் தாண்டினார் சவரிமுத்து. அந்தப் பலகையை அவர் பார்க்கவில்லை. பின்மட்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது கிலோமீட்டரில் கத்துவது நின்றது. கத்துவதற்கு மூச்சு இல்லை.

எட்டாவதில் மலை தொடங்கியது.

அதற்கு மேல் நடந்ததை அவரால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. பின்னால் போலீஸ்காரரின் காலடி கேட்டதாம். பிறகு பக்கத்தில் கேட்டதாம். ரோடு வளைந்துகொண்டே மேலே போனதாம். தொடை எரிந்ததாம், பிறகு அந்த எரிச்சலும் யாருக்கோ நடப்பதுபோல் ஆகிவிட்டதாம். எத்தனை வளைவு என்று எண்ணவில்லை. காலடிச் சத்தம் ஒன்றுதான் மிஞ்சியது, அது அவருடையது.

நெஞ்சில் ரிப்பன் பட்டது.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ கையில் இரண்டு சிறுமலை வாழைப்பழத்தைத் திணித்தார்கள். மாநிலப் போட்டிக்குப் பெயர் எழுத வேண்டும், முழுப்பெயர் சொல்லுங்கள் என்றார் ஒருவர்.

சவரிமுத்து முன்னால் பார்த்தார். வெறும் ரோடு.

"எனக்கு முன்னால ஒரு சைக்கிள் வந்துச்சே, எங்க?"

பெயர் எழுத வந்தவர் விழித்தார். "சைக்கிள் எதுவும் வரலியே. மொதல்ல வந்தது நீங்கதான்."

சவரிமுத்துவின் கையிலிருந்த பழம் கீழே விழுந்தது. மூன்று மாதம் சுமந்த தோள் அந்த நொடியில் மறுபடி வலித்ததாகப் பிறகு சொன்னார். அதைவிட டீச்சருக்கு என்ன ஆனதோ என்ற பயம். முன்பிரேக் பிடிக்காத வண்டி, பக்கத்திலேயே பள்ளம்.

ஓடிவந்த மலையில் கீழ்நோக்கி நடந்தார். எதிரே போலீஸ்காரர் வந்தார். அவரை நிறுத்திக் கேட்கப் பார்த்தார். அவர் கேட்கிற நிலையில் இல்லை. அடுத்து இரண்டு பேர் வந்தார்கள், அவர்களும் அப்படியே போனார்கள்.

நான்காவது வளைவு திரும்பியதும் சிவப்புக் கொடி தெரிந்தது.

ஜெரினா டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிவந்தார். முகமெல்லாம் வியர்வை. அவரைக் கண்டதும் நின்று, ஹேண்டில் பாரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

சவரிமுத்து பக்கத்தில் போனார். சைக்கிளைத் தொடவில்லை.

"முன்னாலதான போயிக்கிட்டிருந்தீங்க. எங்க டீச்சர் போயிட்டீங்க?"

"நான் எங்கயும் போகலண்ணே. ரெண்டாவது வளைவுல மிதிக்க முடியாம எறங்கிட்டேன். நீங்க என்னத் தாண்டிப் போனீங்க."

"நானா?"

"இவ்வளவு பக்கத்துல. சட்ட என் கையில ஒரசுச்சு."

சவரிமுத்து தலையாட்டி மறுத்தார். அப்படி நடந்திருக்காது, தன் சைக்கிளைத் தானே பார்க்காமல் எப்படிப் போவேன் என்றார்.

டீச்சர் நிமிர்ந்தார்.

"ரெண்டு தடவ மணி அடிச்சேன். நீங்க திரும்பல."