உடுப்பா கவசமா

தூத்துக்குடியில் ஜெசிந்தா மோத்தா என்றொரு கிளியரிங் ஏஜென்ட் உண்டு. கப்பலில் வந்து இறங்கும் சாமானுக்குச் சுங்கத்தின் டாரிஃப் புத்தகத்தில் சரியான இடம் தேடிக் கொடுப்பது அவர் தொழில். இடம் சரியாக இருந்தால் தீர்வையைக் கட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துப் போகலாம். தவறினால் பெட்டி துறைமுகத்து ஷெட்டிலேயே கிடக்கும். அதிகாரி கேள்வி மேல் கேள்வி அனுப்புவார், பெட்டிக்காரர் போனில் கத்துவார். ஜெசிந்தா எழுதிக் கொடுத்து ஒரு பெட்டி கிடந்தது என்று துறைமுகத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் அவரிடம் தொழில் படிக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

அப்படி வந்தவர்களில் வயதில் மூத்தவர் வெயிலுமுத்து. ஜெசிந்தாவுக்கே அண்ணன் வயது. பாதி ஆயுளை ஜவுளிக்கடையில் புடவை விரித்தும் மடித்தும் கழித்தவர், கடையை மூடிவிட்டதால் இங்கே வந்து சேர்ந்தார். துணியைத் தொட்டாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். அதுவே அவருக்கு வினையும் ஆனது. எதைக் கொடுத்தாலும் துணியாகத்தான் பார்ப்பார். மீன்வலை வந்து இறங்கினால் "நெசவு நல்லா நெருக்கமா இருக்கு மேடம்" என்பார். ஜெசிந்தா சிரிக்க மாட்டார். கையிலிருக்கும் காகிதத்தைத் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான் அவர் பாடம்.

ஒரு வியாழக்கிழமை காலை ஜெசிந்தா அவரிடம் ஒரு வேலையைத் தந்தார்.

கோயம்புத்தூரில் உள்ள பைக் ரேஸ் குழு ஒன்றுக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. அதில் ஆறு பேருக்கு அளவெடுத்துத் தைத்த ஆறு தோல் சூட்டுகள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் உள்ளே கெட்டித் தகடு வைத்துத் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பெட்டி வெளியே வந்தாக வேண்டும்.

வெயிலுமுத்து சுங்கத்துக்கான பில்லில் டாரிஃப் நம்பரையும் சாமான் விவரத்தையும் எழுதிக்கொண்டு வந்தார். ஜெசிந்தா பார்த்தார்.

"என்ன சாமான் அண்ணாச்சி இது?"

"விளையாட்டுக் கவசம் மேடம்."

"தகடு தனியா வந்திருக்கா?"

"இல்ல. உள்ள சேத்துத் தைச்சிருக்கான்."

காகிதம் திரும்பி வந்தது.

வெயிலுமுத்து டாரிஃப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடுப்புக்குள் பஞ்சோ தகடோ வைத்துத் தைத்தாலும் உடுப்பு உடுப்புதான் என்றது ஒரு குறிப்பு. தனியாக நெஞ்சில் கட்டிக்கொள்வது என்றால் அது விளையாட்டுச் சாமான். ஹெல்மெட் தொப்பிகளோடு. பூட்ஸ் செருப்புகளோடு. கையுறை தோல் சாமானோடு. பைக் ஓட்டும் ஒரே ஒரு ஆள் தலை ஒரு அத்தியாயம், நெஞ்சு ஒரு அத்தியாயம், கால் ஒரு அத்தியாயம் என்று புத்தகம் முழுக்கச் சிதறிக் கிடந்தான். வெயிலுமுத்து புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மதியம் இன்னொரு காகிதத்தோடு வந்தார். ஜெசிந்தா அதை இரண்டு தரம் படித்தார்.

"நம்பர் தோல் உடுப்புக்கு. விவரத்துல 'விபத்தில் உடம்பைக் காக்கும் விளையாட்டுக் கவசம்'னு போட்டிருக்கீங்க."

"ரெண்டும்தான மேடம் அது?"

"இது இப்பிடியே போச்சுன்னா என்ன ஆகும்?"

"கேள்வி வரும்."

"வந்தா?"

"பதில் எழுதணும்."

"பெட்டி எப்ப வெளிய வரும்?"

"திங்கக்கிழமை ஆகும். செவ்வாக்கூட ஆகலாம்."

"போட்டி என்னைக்கு அண்ணாச்சி?"

வெயிலுமுத்து மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். நம்பர் ஒன்று, விவரம் ஒன்று என்று எழுதினால் பெட்டி நிற்கும் என்பது இந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே படிக்கிற பாடம். நேற்று வந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

"எனக்கு ஒரே குழப்பமா இருக்கு மேடம்" என்றார். "புஸ்தகத்தைப் பாத்தா உடுப்புங்கு. சாமானை நெனச்சா கவசமா தெரியுது. நீங்களே சொல்லிருங்க. உடுப்பா, கவசமா?"

ஜெசிந்தா ஷெட்டுக்குள் போவதற்கான அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"போய்ப் பெட்டியைத் தொறங்க. ஒவ்வொண்ணா வெளிய எடுங்க. மறுபடி மடிச்சு உள்ள வச்சிட்டு வாங்க."

"மடிக்கவா?"

"உங்களுக்குத் தெரியாத வேலையா?"

ஷெட்டில் தகரக் கூரை வெயிலைக் குடித்துக்கொண்டு கிடந்தது. காவலர் பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். வெயிலுமுத்து முதல் சூட்டை எடுத்து மேசையில் போட்டார். போட்ட இடத்தில் அது படுக்கவில்லை. முதுகு வளைந்து, முழங்கை மடங்கி, யாரோ குப்புறக் குனிந்து கிடப்பதுபோல் கிடந்தது. தோளை அமுக்கினால் முழங்கால் தூக்கியது. முழங்காலை அமுக்கினால் முதுகு புடைத்தது. பத்தாயிரம் புடவைகளை மடித்த கை, அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறாவது சூட் மற்றவற்றைவிடச் சின்னது. முதுகில் ஆங்கில எழுத்தில் இசக்கி என்று பேர் தைத்திருந்தது.

அது வெயிலுமுத்துவின் மகள் பேர்தான். பெட்டிக்காரர்களின் பேரைப் பார்த்த நிமிடமே அது மகள் ஓட்டும் குழு என்று அவருக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சினியரிங் படிக்கக் கோயம்புத்தூர் போன பெண், அங்கே பைக் ஓட்டுகிறாள் என்பதையே யாரோ காட்டிய வீடியோவில்தான் பார்த்தார். அந்த வீடியோவில் அவள் ஒரு வளைவில் விழுந்து, உருண்டு, எழுந்து கையை ஆட்டினாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். வெயிலுமுத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஒரு தடவை வந்து பாருங்கப்பா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் கடையைக் காரணம் சொன்னார். கடையை மூடிய பிறகு இடுப்பு வலியைச் சொன்னார்.

இப்போது அந்தச் சின்னச் சூட்டைக் கையால் தடவிப் பார்த்தார். தோளில் ஒரு தகடு. முழங்கையில் ஒன்று. இடுப்பில் ஒன்று. முழங்காலில், வெளிப்பக்கமாக, தரையில் உரசித் தேய்வதற்கென்றே ஒரு கட்டி. இவள் எங்கெங்கே விழுவாள் என்று எவனோ ஒரு தையல்காரன் முன்னமே தெரிந்துகொண்டு தைத்திருக்கிறான். கழுத்தைத் தடவினார். கழுத்தில் வெறும் தோல்தான். மறுபடி தடவினார். மறுபடியும் வெறும் தோல்தான்.

அவர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது ஜெசிந்தா டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு டம்ளர் மூடி வைத்திருந்தது.

"மடிச்சீங்களா?"

"மடியலை மேடம்."

"ஏன்?"

"வண்டியில உக்காந்த மாதிரியே இருக்கு. நிமுத்த விட மாட்டேங்குது."

"அப்ப உடுப்பு இல்லையா?"

"உடுப்புன்னா மடியணும்லா."

"அப்ப கவசம்."

"கவசம்னு எப்பிடிச் சொல்ல? கழுத்துல ஒண்ணுமே வைக்கலை மேடம்."

"கழுத்துல வைக்கலையா."

"ஒண்ணுமே வைக்கலை. நல்லாத் தடவிப் பாத்துட்டேன்."

ஜெசிந்தா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். வெயிலுமுத்து அதைத் தொடவில்லை.

"அதுல ஒண்ணு எம் பொண்ணுக்கு."

"தெரியும்."

"எப்பிடி?"

"பெட்டியோட வந்த பட்டியல்ல பேரு இருக்கு. கோயம்புத்தூர் ரேஸ் குழுவுல உங்க பொண்ணு மாதிரி இசக்கின்னு எத்தனை பேரு அண்ணாச்சி இருப்பாங்க?"

வெயிலுமுத்துவுக்கு முகம் சிவந்தது. பிடிபட்ட வெட்கமும், சொல்லிவிட்ட நிம்மதியும் ஒன்றாக வந்தன.

"பெட்டி திங்கக்கிழமை வந்தா அவ ஞாயித்துக்கிழமை ஓட்ட மாட்டா. அதான் அப்பிடி எழுதினேன். தப்புதான்."

"ஓட்ட மாட்டேன்னு அவ சொன்னாளா?"

"இல்ல."

"கேளுங்க."

வெயிலுமுத்து போனை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே இசக்கி எடுத்துவிட்டாள். பின்னால் வண்டிகள் உறுமும் சத்தம்.

"அப்பா! பெட்டி வந்துருச்சா?"

"வந்திருக்கும்மா. வெளிய எடுக்கத் தாமசமாகும் போல."

இசக்கி அங்கே யாரிடமோ வண்டியை அணைக்கச் சொன்னாள்.

"சரிப்பா. பரவால்ல. என் பழசு தோள்ல கிழிஞ்சு போச்சு. சிநேகிதி ஒருத்தி அவளுதைத் தாரேன்னா. அதைப் போட்டுக்கிடுதேன்."

"அளவு சேருமா?"

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். தகடு அங்கன இங்கன நகரும், அவ்வளவுதான். நீங்க வாரீங்களாப்பா?"

"சிக்னல் சரியா இல்லம்மா" என்று சொல்லி வெயிலுமுத்து போனை வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜெசிந்தாவின் மேசைக்கு எதிரே வந்து நின்றார். ஜெசிந்தா வேறு காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"பெட்டியை நிப்பாட்டினா கடன் வாங்குன தொளதொளப்பைப் போட்டு ஓட்டுவா. குடுத்தா, இப்பத்தான் நல்லது இருக்கேன்னு இன்னும் வேகமா ஓட்டுவா. எந்தப் பக்கம் திரும்பினாலும் விழுவா. நான் என்னதான் செய்ய?"

"பில்லுல என்ன எழுதுவீங்க?"

"நான் அதைக் கேக்கலை மேடம்."

"நான் அதைத்தான் கேக்கேன்."

வெயிலுமுத்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடையில் பில் போடும்போது எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதினார். பைக் ஓட்டுபவர் அணியும் தோல் உடுப்பு, உள்ளே தகடு சேர்த்துத் தைத்தது, ஆறு. நம்பரும் உடுப்புக்கான நம்பர்தான்.

ஜெசிந்தா படித்தார். இந்தத் தடவை காகிதம் திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பெட்டி வெளிய வந்துரும்" என்றார்.

வெயிலுமுத்து எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன அண்ணாச்சி?"

கேட்கக் கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை, வேறு வழியில்லாமல் கேட்டுவிட்டார்.

"அது அவளைக் காப்பாத்துமா மேடம்?"

ஜெசிந்தா டாரிஃப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஜன்னல் வழியாகக் கொட்டினார். பிளாஸ்கிலிருந்து சூடாக வேறு ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"அந்தச் சூட்டு காலியா வந்திருக்கு அண்ணாச்சி. காலியா வந்தா உடுப்பு. அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

"உள்ள ஆள் போன பெறகு?"

"பெட்டியைக் கோயம்புத்தூருக்கு நீங்களே கொண்டு போங்க. ஞாயித்துக்கிழமை அங்கன நின்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் ஜெசிந்தா. "எனக்கும் தெரியாது."